கணிப்பொறித் தடய விஞ்ஞானமும் அதன் உயர்படிப்பும்

பெங்களூர் நகரிலிருந்து ஓசூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், ஆனேக்கல் தாலுகாவைச் சேர்ந்த ஊர் ஹெப்பகோடி. ஒரு காலத்தில் சிற்றூராக இருந்த இதன் அருகே, 1978ஆம் ஆண்டில் கர்நாடக அரசாங்கத்தின் கியோனிக்ஸ் நிறுவனம் 332 ஏக்கர் நிலத்தில் மின்னணு நகரம் ஒன்றைத் தோற்றுவித்தது. பின்னர் மென்பொருள் நிறுவனங்களும், பயோகான் போன்ற உயிரியல் தொழில் நிறுவனங்களும் இவ்வட்டாரத்தில் பெருகின. 2025 ஆகஸ்டு முதல் பெங்களூர் மெட்ரோ ரயிலும் ஹெப்பகோடிக்கு வந்து செல்கிறது.

இங்கு வேலைக்குச் செல்லும் ஒருவர் ரயில் நிலைய வாயிலில் அட்டையை வைக்கும்போது அது ஒரு பதிவேட்டில் ஏறுகிறது. வழியில் தேநீர்க் கடைக்காரருக்குக் கைபேசி மூலம் பணம் கொடுத்தால் மற்றொரு பதிவு உண்டாகிறது. அவர் சட்டைப்பையிலுள்ள கைபேசி, எந்தக் கோபுரத்தின் எல்லைக்குள் இருக்கிறது என்பதை வலையமைப்புக்கு அறிவித்துக்கொண்டே வருகிறது. அலுவலகத்தில் கணிப்பொறியைத் திறந்ததும், திறந்த நேரமும் திறந்த கோப்பும் குறிக்கப்படுகின்றன. அவர் அறிந்தும் அறியாமலும் விட்டுச் செல்லும் இத்தகைய சுவடுகளைச் சிதையாமல் சேகரித்து, ஆராய்ந்து, அவற்றின் பொருளை நீதிமன்றம் ஏற்கும் வகையில் விளக்குவதே கணிப்பொறித் தடய விஞ்ஞானம் ஆகும். இப்போது நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களில் இது பட்ட மேற்படிப்பாகக் கற்பிக்கப்படுகிறது.

பழைய கலையின் புதிய கிளை

தடய விஞ்ஞானம் நம் நாட்டுக்குப் புதியதன்று. 1849ஆம் ஆண்டிலேயே சென்னை மாகாணத்தில் இரசாயனப் பரிசோதகரின் ஆய்வுச்சாலை ஒன்று நிறுவப்பட்டது. நஞ்சு கொடுத்துக் கொலை செய்ததாக எழும் வழக்குகளில் உண்மையைக் காண்பது அதன் முக்கிய பணியாக இருந்தது. 1897இல் கல்கத்தாவில் விரல்ரேகைப் பணியகம் தொடங்கப்பட்டது. உலகில் அத்தகைய பணியகங்களுள் அதுவே முதலாவது. பிரான்சு நாட்டின் லியோன் நகரில் 1910இல் ஆய்வுச்சாலை அமைத்த எட்மண்ட் லோகார்டு என்பார், இரு பொருள்கள் ஒன்றோடொன்று தொடர்புறும்போது ஒன்றன் சுவடு மற்றொன்றில் தங்கியே தீரும் என்ற கொள்கையை வகுத்தார். இரத்தக்கறை, மயிரிழை, மண்துகள் ஆகியவற்றுக்குக் கூறப்பட்ட இக்கொள்கை கணிப்பொறிக்கும் பொருந்துகிறது.

ஆயினும் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. துணியிலுள்ள இரத்தக்கறையைப் பத்துப் பேர் பார்த்தாலும் கறை மாறுவதில்லை. கணிப்பொறியின் நிலை அவ்வாறன்று. அதனைத் திறந்து பார்ப்பதே அதனை மாற்றிவிடுகிறது. மின்விசையைப் போட்டு இயக்கிய சில நிமிஷங்களுக்குள் எண்ணற்ற கோப்புகளின் நேரக்குறிப்புகள் மாறுகின்றன. தற்காலிகக் கோப்புகள் எழுதப்படுகின்றன. பழைய பதிவுகள் சில மேலெழுதப்பட்டு மறைகின்றன. நல்லெண்ணத்துடன் ஆர்வம் மிகுந்து கணிப்பொறியைத் திறந்து பார்க்கும் அதிகாரி, தாம் தேடும் சான்றைத் தாமே கெடுத்துவிடக்கூடும். ஆகையால் இத்துறையில் மாணவன் கற்கும் முதற்பாடம் எதைச் செய்வது என்பதன்று. எதைச் செய்யாமலிருப்பது என்பதே.

மூலமும் நகலும்

கைப்பற்றிய வன்தட்டை நேரடியாக ஆராய்வது முறையன்று. முதலில் அது எழுத்துத்தடுப்புக் கருவி ஒன்றின் வழியாக ஆய்வுக் கணிப்பொறியுடன் இணைக்கப்படுகிறது. தட்டிலிருந்து படிப்பதை இக்கருவி அனுமதிக்கும். தட்டில் எழுதும் எந்தக் கட்டளையையும் மறிக்கும். பிறகு தட்டின் முதற்பகுதியிலிருந்து கடைசிப்பகுதி வரை, வெற்றிடம் எனக் கருதப்படும் பகுதிகள் உட்பட, ஒவ்வொரு பிட்டும் அப்படியே நகலெடுக்கப்படும். இதன் பின்னர் ஆய்வு முழுவதும் நகலின் மீதே நடைபெறும். மூலம் முத்திரையிடப்பட்டுப் பாதுகாப்பில் வைக்கப்படும்.

நகல் மூலத்தைப் போன்றதே என்று எவ்வாறு நிரூபிப்பது? இதற்கு உதவுவது தொகுப்பெண் என்னும் கணித முறை. ஒரு கோப்போ, ஒரு முழு வன்தட்டோ, எத்துணைப் பெரிதாயினும் அதன் பிட்டுகள் அனைத்தையும் ஒரு குறிப்பிட்ட கணக்கீட்டுக்கு உட்படுத்தினால் நிலையான நீளமுள்ள ஓர் எண் கிடைக்கும். எஸ்எச்ஏ-256 என்ற முறையில் இவ்வெண் 256 பிட்டுகள் கொண்டது. இவ்வகையில் அமையக்கூடிய எண்களின் மொத்தத் தொகையைப் பதின்முறையில் எழுதினால் 78 இலக்கங்கள் வரும். நூறு பக்கக் கடிதத்தில் ஒரே ஒரு காற்புள்ளியை நீக்கினாலும் தொகுப்பெண் முற்றிலும் வேறாகிவிடும். பத்திரப் பதிவு அலுவலகத்தில் கைரேகை எவ்வாறு ஆளை அடையாளம் காட்டுகிறதோ, அவ்வாறே தொகுப்பெண் கோப்பினை அடையாளம் காட்டுகிறது எனலாம். கைப்பற்றிய அன்று கணித்த எண்ணும், விசாரணை நாளன்று கணிக்கும் எண்ணும் ஒத்திருந்தால், இடைக்காலத்தில் ஒரு பிட்டும் மாறவில்லை என்று கூறலாம்.

இம்முறைகளும் என்றென்றும் உறுதியானவை அல்ல. 1991இல் வகுக்கப்பட்ட எம்டி5 முறையில், வெவ்வேறான இரு கோப்புகளுக்கு ஒரே எண் வருமாறு செய்ய இயலும் என்று 2004இல் சீன அறிஞர்கள் காட்டினர். எஸ்எச்ஏ-1 என்ற முறைக்கும் 2017இல் அதே கதி நேர்ந்தது. எனவே எந்த முறை இன்றும் நம்பத்தக்கது, எது தள்ளத்தக்கது என்பதை ஆராய்வோன் அறிந்திருத்தல் வேண்டும். இத்துறைக்குக் கணித அறிவு இன்றியமையாதது என்பதற்கு இது ஒரு சான்று.

அழித்த பின்னும் எஞ்சுவது

கணிப்பொறியில் ஒரு கோப்பை அழித்துவிட்டால் அது இல்லாமற் போயிற்று என்று பலர் நினைக்கின்றனர். ஒரு நூல்நிலையத்தை எண்ணிப் பார்ப்போம். ஒரு நூலின் அட்டவணைச் சீட்டைக் கிழித்துவிட்டால், வாசகர் அந்நூலைக் கண்டுபிடிக்க இயலாது. ஆனால் நூல் அலமாரியில் அப்படியே இருக்கிறது. அந்த இடத்தில் வேறொரு நூலை வைக்கும் வரையில் இருக்கும். காந்தத் தட்டில் கோப்பை அழிப்பதும் பெரும்பாலும் அட்டவணைச் சீட்டைக் கிழிப்பது போன்றதே.

அட்டவணை இல்லாதபோது கோப்பை அதன் உருவத்தைக்கொண்டு கண்டுபிடிக்கலாம். ஜேபெக் வகையைச் சேர்ந்த புகைப்படக் கோப்பு ஒவ்வொன்றும் 255, 216, 255 என்னும் மூன்று பைட்டுகளுடன் தொடங்கும். வெற்றிடமெனக் கருதப்படும் பகுதியில் இவ்வெண்களைத் தேடிச் சென்றால், மறைந்த படங்கள் வெளிப்படலாம். மேலும், கணிப்பொறி கோப்புகளுக்கு இடத்தைத் துண்டு துண்டாகவே ஒதுக்குகிறது. ஒரு துண்டு 4,096 பைட்டு அளவுடையது என்று கொள்வோம். அதில் 1,000 பைட்டுள்ள கடிதம் ஒன்றை எழுதினால், எஞ்சிய இடத்தின் பெரும்பகுதியில் முன்பிருந்த கோப்பின் மிச்சம் தங்கியிருக்கக்கூடும்.

எல்லாச் சாதனங்களிலும் இவ்வாறு நடக்கும் என்று எதிர்பார்த்தலாகாது. இக்காலத்துத் திடநிலைத் தட்டுகளில், அழிக்கப்பட்ட பகுதிகளைச் சாதனமே தானாகத் துடைத்துவிடுகிறது. இயங்கும் நினைவகத்திலுள்ள செய்திகள் மின்சாரம் நின்றவுடன் மறைகின்றன. ஆனால் கடவுச்சொற்களும், அப்பொழுது இயங்கிக்கொண்டிருந்த தீய நிரல்களும் அங்கேயே காணப்படலாம். ஆகவே ஓடிக்கொண்டிருக்கும் கணிப்பொறியை உடனே நிறுத்துவதா, நினைவகத்தை முதலில் நகலெடுப்பதா என்பதை ஆராய்வோன் அந்த இடத்திலேயே முடிவு செய்ய வேண்டும். கைபேசியோ தொலைவிலிருந்து வரும் ஒரு கட்டளையால் முழுவதும் துடைக்கப்படக்கூடியது. அதனை வானொலி அலைகள் புகாத பையில் இட்டுக் கொணர்வர்.

காலமும் முகவரியும்

சான்று கிடைத்துவிட்டால் உண்மை கிடைத்துவிட்டது என்று கூறுவதற்கில்லை. அதனைச் சரியாகப் படித்தல் வேண்டும். இங்கேதான் பெரும் இடர்கள் நேர்கின்றன.

காலக்குறிப்பை எடுத்துக்கொள்வோம். சில கணிப்பொறி அமைப்புகள் 1970 ஜனவரி 1 முதல் கழிந்த விநாடிகளை எண்ணுகின்றன. விண்டோஸ் அமைப்பு 1601 ஜனவரி 1 முதல், விநாடியின் ஒரு கோடியில் ஒரு பங்கை அலகாகக் கொண்டு எண்ணுகிறது. பெரும்பாலான பதிவேடுகள் உலகப் பொது நேரத்தில் அமைந்தவை. இந்திய நேரமோ அதைவிட 5 மணி 30 நிமிஷம் முன்னதாகச் செல்வது. வெளிநாட்டுப் பதிவேட்டில் 9ஆம் தேதி 19 மணி 15 நிமிஷம் என்றிருப்பது, நமக்கு 10ஆம் தேதி நள்ளிரவு கடந்து 45 நிமிஷம் ஆகும். மணி மட்டுமன்றித் தேதியும் மாறிவிடுகிறது. இதனைக் கவனியாமல், 9ஆம் தேதி மாலை அக்கணிப்பொறியின் முன் அமர்ந்திருந்தவர் யார் என்று தேடத் தொடங்கினால், குற்றத்துடன் தொடர்பில்லாத ஒருவரே அகப்படுவார்.

இணைய முகவரியும் இத்தகையதே. பழைய முறையில் உலகம் முழுவதற்கும் சுமார் 429 கோடி முகவரிகளே உண்டு. அவை போதாமையால், தொலைத்தொடர்பு நிறுவனங்கள் ஒரே முகவரியைப் பலருக்குப் பகிர்ந்தளிக்கின்றன. இன்று காலை ஒருவரிடம் இருந்த முகவரி மாலையில் வேறொருவரிடம் இருக்கும். எனவே முகவரியுடன் தேதி, மணி, நிமிஷம், விநாடி, கால மண்டலம், இணைப்பு வாயிலின் எண் ஆகிய அனைத்தும் பொருந்தினாலன்றி ஒருவரைச் சுட்டுவது தகாது. அப்பொழுதும் அது சந்தாதாரரைச் சுட்டுமேயன்றி, விசைப்பலகையில் விரல் வைத்தவரைச் சுட்டாது.

இது ஏட்டளவான எச்சரிக்கையன்று. 2007ஆம் ஆண்டு ஆகஸ்டில், பெங்களூரில் பணியாற்றிய மென்பொருள் பொறியாளர் ஒருவரைப் புனே போலீஸார் கைது செய்தனர். சமூக வலைத்தளம் ஒன்றில் சத்ரபதி சிவாஜியை இழிவுபடுத்தும் படத்தை வெளியிட்டார் என்பது குற்றச்சாட்டு. தொலைத்தொடர்பு நிறுவனம் ஒன்று அளித்த இணைய முகவரி விவரமே அதற்கு ஆதாரம். அவ்விவரம் தவறானது என்றும், அம்முகவரி அவருடையதன்று என்றும் பின்னர் தெளிவாயிற்று. அதற்குள் அவர் 50 நாட்கள் சிறையில் கழித்துவிட்டார். அந்த ஒரு விவரத்தை அவர் வீட்டுக் கணிப்பொறியின் பதிவுகளுடன் ஒப்பிட்டுச் சோதித்த பின்னரே கைது என்று இருந்திருப்பின், அந்த 50 நாட்கள் அவருக்கு மிஞ்சியிருக்கும். ஓர் எண்ணைச் சரிபார்ப்பதும் ஒரு மனிதனின் சுதந்திரத்தைக் காப்பதும் இத்துறையில் ஒன்றேயாகும்.

இந்தியக் கணிப்பொறி அவசரநிலைக் குழு 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த கட்டளைகள் இந்நோக்கில் குறிப்பிடத்தக்கவை. இவற்றின்படி நிறுவனங்கள் தம் பதிவேடுகளை 180 நாட்கள் பாதுகாத்தல் வேண்டும். தம் கணிப்பொறிகளின் கடிகாரங்களைத் தேசிய தகவலியல் மையத்தின் கடிகாரத்துடனோ, இந்திய நேரத்தைக் காத்துவரும் புதுடில்லி தேசியப் பௌதிக ஆய்வுக்கூடத்தின் கடிகாரத்துடனோ ஒத்திசையச் செய்தலும் வேண்டும். நாட்டின் பதிவேடுகள் ஒரே கடிகாரத்தைப் பின்பற்றினால், மேற்கூறிய குழப்பங்களிற் பல நேராமல் தடுக்கலாம்.

நீதிமன்றத்தின் பார்வை

இத்துறையின் முடிவுகள் இறுதியில் நீதிபதியின் முன் வைக்கப்படுவனவாதலால், சட்ட அறிவும் இப்படிப்பின் ஒரு பாதி எனலாம். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 அக்டோபர் 17 அன்று அமலுக்கு வந்தது. மறு ஆண்டே பெங்களூரில் கணிப்பொறிக் குற்றங்களுக்கெனத் தனிக் காவல் நிலையம் ஒன்று ஏற்பட்டது. நாட்டில் இதுவே முதலாவது. 2004 நவம்பரில், ஒரு பெண்மணியை இழிவுபடுத்தும் செய்திகளை இணையத்தில் வெளியிட்ட ஒருவருக்குச் சென்னை எழும்பூர் நீதிமன்றம் தண்டனை விதித்தது. புதிய சட்டத்தின் கீழ் குற்றம் நிரூபிக்கப்பட்ட தொடக்க கால வழக்குகளுள் இது பெயர் பெற்றது. இணைய மையம் நடத்தியவர்களின் சாட்சியமும் நிபுணரின் சாட்சியமும் அதில் துணைநின்றன. முதல் தகவல் அறிக்கை பதிவாகிச் சுமார் 7 மாதங்களில் வழக்கு முடிவுற்றமையும் கருதத்தக்கது.

இதற்கு மாறான அனுபவமும் உண்டு. கேரளத் தேர்தல் வழக்கு ஒன்றில், பேச்சுகளும் பாடல்களும் அடங்கிய குறுந்தகடுகள் சான்றாகக் காட்டப்பட்டன. சட்டம் கோரும் சான்றிதழ் அவற்றுடன் இல்லாமையால் அவற்றை ஏற்க இயலாதென்று உச்ச நீதிமன்றம் 2014 செப்டம்பர் 18 அன்று தீர்ப்பளித்தது. மூலக் கருவியையே நீதிமன்றத்தில் வைக்க இயலாதபோது சான்றிதழ் கட்டாயமே என்பதை மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு 2020 ஜூலையில் மீண்டும் உறுதிப்படுத்தியது. தகட்டில் அடங்கியது உண்மையாகவே இருப்பினும், அது வந்த வழி விளக்கப்படாவிடில் சான்றாகாது என்பது இதன் கருத்து.

2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாட்சிய அதிநியமம் நடைமுறையில் உள்ளது. இதன் 63ஆம் பிரிவின்படி அளிக்கப்படும் சான்றிதழ் இரு பகுதிகளைக் கொண்டது. ஒன்றில் கருவிக்குப் பொறுப்பானவரும் மற்றொன்றில் நிபுணரும் கையொப்பமிடுதல் வேண்டும். மேலே விளக்கிய தொகுப்பெண்ணும், அதைக் கணித்த முறையின் பெயரும் அப்படிவத்தில் குறிக்கப்பட வேண்டும். ஆய்வுச்சாலையில் மட்டும் வழங்கிவந்த ஒரு கணிதக் கருத்து இவ்வாறு நாட்டின் சட்டத்தில் இடம்பெற்றுவிட்டது. அதே நாளில் அமலுக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம், 7 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றங்களில் தடய நிபுணர் சம்பவ இடத்துக்குச் செல்ல வேண்டுமென்று விதிக்கிறது. மாநிலங்கள் இதனைப் படிப்படியாக நிறைவேற்ற 5 ஆண்டு அவகாசம் அளிக்கப்பட்டுள்ளது. ஆகவே பயிற்சி பெற்றவர்களின் தேவை இனி மிகுதியாகும் என்பது தெளிவு.

படிப்பின் அமைப்பு

இப்பட்ட மேற்படிப்பு பொதுவாக இரண்டு ஆண்டுகள், நான்கு பருவங்களாக நடைபெறுகிறது. கணிப்பொறி விஞ்ஞானம், தகவல் தொழில்நுட்பம், மின்னணுவியல் முதலியவற்றில் பட்டம் பெற்றவர்கள் பெரும்பாலும் இதற்கு வருகின்றனர். தொடக்கத்தில் கணிப்பொறியின் அமைப்பு, கோப்பு முறைகள், வலையமைப்பு, மறையீட்டுக் கலை ஆகியவை கற்பிக்கப்படும். தொடர்ந்து வன்தட்டு, கைபேசி, நினைவகம், வலைப்போக்குவரத்து, தொலைவிலுள்ள சேமிப்பகம் ஆகியவற்றை ஆராயும் முறைகளும், தீய நிரல்களைப் பிரித்தறியும் முறையும் இடம்பெறும். சட்டமும் நெறியும் தனிப்பாடங்கள். இறுதியில் மாணவன் ஓர் ஆய்வேடு சமர்ப்பிக்கிறான்.

செய்முறை வகுப்பே இப்படிப்பின் உயிர்நாடி. மாணவனுக்கு ஒரு தட்டின் நகல் தரப்படும். அதில் என்ன நடந்தது என்பதை அவன் தானே கண்டறிந்து அறிக்கை எழுத வேண்டும். ஒரே முடிவை வேறொரு கருவியைக் கொண்டும் பெற்றுக் காட்டுதல் நல்ல பயிற்சியாகும், கருவியும் தவறக்கூடியதே. ஒவ்வொரு பொருளும் யாரிடமிருந்து யாரிடம், எப்போது, எதற்காகச் சென்றது என்ற கைமாற்றக் குறிப்பை இடைவிடாது எழுதும் பழக்கமும் வளர்க்கப்படுகிறது. அறிக்கையைக் கணிப்பொறியே அறியாத ஒருவரும் புரிந்துகொள்ளுமாறு எழுதுவதும், குறுக்கு விசாரணையில் நிதானமாக விடையளிப்பதும் மிகக் கடினமான பாடங்களாம். தெரியாததைத் தெரியாது என்று சாட்சிக் கூண்டில் கூறும் துணிவு, கருவியை இயக்கும் திறமைக்குக் குறைந்ததன்று.

கல்வி நிலையங்கள்

குஜராத் மாநிலத்தில் 2008ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றிய தடய விஞ்ஞானப் பல்கலைக்கழகம், 2020 அக்டோபர் முதல் தேசியத் தடய விஞ்ஞானப் பல்கலைக்கழகமாக விளங்குகிறது. காந்திநகரைத் தலைமையிடமாகக் கொண்ட இதில் மின்னணுத் தடயவியலிலும் தகவல் பாதுகாப்பிலும் முதுநிலைப் பட்டம் வழங்கப்படுகிறது. இதன் கர்நாடக வளாகத்துக்கு 2023 ஜனவரியில் தார்வாட்டில் அடிக்கல் நாட்டப்பட்டது. சென்னைப் பல்கலைக்கழகத்திலும் கணிப்பொறித் தடயவியலில் முதுநிலைப் படிப்பு உண்டு. திருவனந்தபுரத்திலுள்ள சி-டாக் நிறுவனம், வன்தட்டை நகலெடுத்து ஆராய்வதற்கான மென்பொருள்களை உள்நாட்டிலேயே உருவாக்கியிருக்கிறது. பெங்களூரில் மாநிலக் குற்றப் புலனாய்வுத் துறை, இன்போசிஸ் அறக்கட்டளையின் துணையுடன், போலீஸ் அதிகாரிகளுக்கும் வழக்கறிஞர்களுக்கும் இத்துறையில் பயிற்சியளிக்கும் மையம் ஒன்றை நடத்திவருகிறது.

ஹெப்பகோடியும் மின்னணு நகரமும் போன்ற இடங்களில் இப்படிப்பை முடித்தவர்களுக்கு வேலை இருவகைப்படும். அரசாங்க ஆய்வுச்சாலைகளிலும் போலீஸ் துறையிலும் சேர்வோர் ஒரு வகை. தனியார் நிறுவனங்களில் இரகசியங்கள் களவு போனதையும், கணக்குகளில் மோசடி நேர்ந்ததையும் ஆராய்வோர் மற்றொரு வகை. எவ்வகையாயினும் கடமை ஒன்றே. நிபுணர், குற்றம் சாட்டுவோரின் வழக்கறிஞரும் அல்லர். குற்றம் சாட்டப்பட்டவரின் வழக்கறிஞரும் அல்லர். தட்டில் ஒருவருக்கு எதிரானதைக் கண்டால் அதை எழுதுவது போலவே, அவருக்குச் சாதகமானதைக் கண்டாலும் அதே தெளிவுடன் எழுதக் கடமைப்பட்டவர். நேரக்குறிப்பு ஒன்று பொருந்தவில்லையெனில், அதை அடிக்குறிப்பில் மறைக்காமல் அறிக்கையின் முதற்பக்கத்தில் கூறுவதே முறை.

நம் மக்களின் வரவு செலவும், கடிதப் போக்குவரத்தும், பயணமும் நாளுக்கு நாள் மின்னணுப் பதிவுகளாக மாறிவருகின்றன. இப்பதிவுகள் குற்றவாளியைக் காட்டிக்கொடுக்கும். தவறாகப் படிக்கப்பட்டால் குற்றமற்றவரையும் காட்டிக்கொடுக்கும். இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறியும் ஆற்றல் இயந்திரத்துக்கு இல்லை. அது, முறையாகக் கற்றுத் தேர்ந்து, பொறுமையுடன் சரிபார்க்கும் மனிதரிடமே இருக்கிறது. அத்தகையோரைத் தேவையான அளவில் ஆயத்தம் செய்வதே இவ்வுயர்படிப்பின் நோக்கமாகும்.